மாரீஸ்வரியின் முதுகு

எனக்குச் சும்மா இருக்க வராது. பல் தேய்ப்பதென்றாலும் வாசலில் நடந்துகொண்டேதான் தேய்ப்பேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் பெஞ்சுக்கடியில் என் கால் ஆடி ஆடி, முன்னால் இருந்த பெண் எழுந்து டீச்சரிடம் புகார் சொல்லிவிட்டாள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

வடகரப்பதியில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்கு ஓடியே போய்விடலாமே என்று ஓட ஆரம்பித்தவள், மாவட்டப் போட்டியில் மூவாயிரம் மீட்டரில் இரண்டாவதாக வந்தேன். அதனால்தான் கோடைக் கேம்ப்புக்கு என் பெயர் வந்தது. இடுக்கியில், பூப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருபத்தொரு நாள். பல மாவட்டங்களிலிருந்து இருபத்துநாலு பெண்கள். கடைசி நாள் ஆறு கிலோமீட்டர் ஓட்டம், முதலில் ரோடு, பிறகு ஏற்றம், கடைசியில் இறக்கம். அதில் முதல் ஆறு பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம். ப்ளஸ் டூ முடியும்வரை படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே.

அப்பா சம்மதப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே போட்டார். இடம் கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் பக்கத்துப் பள்ளியிலேயே ப்ளஸ் ஒன் சேரட்டும், அப்புறம் இந்த ஓட்டம் கீட்டம் எல்லாம் வேண்டாம் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு சொன்னதால் அது முடிவான பேச்சு என்று தெரிந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளியில் மைதானம் கிடையாது. நாலு பஸ் நிற்கிற இடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆறு பேரில் ஒருத்தியாக வர வேண்டும், இல்லாவிட்டால் பதினாறு வயதில் நான் ஓடி முடித்தாயிற்று.

கேம்ப்பின் முதல் நாளே மானம் போயிற்று. மேட்டில் ஏறுவது கஷ்டமாக இருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். ஏறிவிட்டேன், ஐந்தாவதாகவே ஏறிவிட்டேன். இனி இறக்கம்தானே, ஓய்வெடுத்த மாதிரி போகலாம் என்று காலை விட்டேன். எங்கள் ஊரில் இறங்குவதற்கு வாய்க்கால் கரையை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. தேயிலைக் காட்டு நடுவில் கல் பதித்த பாதை, கிடுகிடுவென்று கீழே போகிறது. இருநூறு அடி போவதற்குள் கால் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. வளைவில் திரும்பாமல் நேராகப் போய்த் தேயிலைச் செடிக்குள் விழுந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் மெத்தை விரித்த மாதிரித்தான் இருக்கிறது. உள்ளே எல்லாம் விறகுக் கட்டை.

மறுநாள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. கக்கூசுக்குப் போகப் பதினோரு படி இறங்க வேண்டும். நேராக இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். மற்றவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஒருத்தி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏம்புள்ள சிரிக்கற?" என்று படியிலிருந்தே கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அவள் வந்து என் கையைப் பிடித்து மீதிப் படிகளை இறக்கிவிட்டாள், சிரித்துக்கொண்டே. அவள்தான் மாரீஸ்வரி.

இரண்டு மலை தள்ளி ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற வரிசை வீட்டில், அவள் குடியிருந்தாள். அம்மா கொழுந்து எடுக்கிறவர். மாரீஸ்வரி குள்ளம், பாதம் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்தபடி நடப்பாள். ஏற்றத்தில் என்னைவிடக் கொஞ்சம் முன்னால் போவாள். இறக்கத்தில் அவளைப் பிடிக்க அந்த இருபத்துநாலு பேரில் ஆள் இல்லை. ஆனால் சமதளத்தில் ஓடத் தெரியாது. முதலில் பறப்பாள், அரைக் கிலோமீட்டரில் நாக்குத் தள்ளிவிடும். தங்கள் ஊரில் சமமாக ஒரு இடம் இருக்கிறதென்றால் அது பேக்டரி முற்றம்தான், அங்கேயும் லாரி நிற்கும் என்பாள்.

எனக்கு விழுந்த பயம் போகவில்லை. தினமும் ஏற்றத்தில் முதல் ஆறு ஏழு பேரோடு உச்சிக்குப் போவேன். அங்கே யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டி இறக்கம் ஆரம்பிக்கும். ஆரம்பித்ததும் என் உடம்பு தானாகப் பின்னால் சாயும், குதிகால் பிரேக் போடும், பத்துப் பன்னிரண்டு பெண்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். கீழே வந்ததும் குழாயடியில் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுவேன். நடுவில் இரண்டு நாள் மரங்களுக்குள் யானை நின்றதால் மேலே போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் துணி துவைத்தார்கள், தூங்கினார்கள். நான் வராந்தாவில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தேன். இருபத்தொரு நாளில் இரண்டு நாளை யானை தின்றுவிட்டதே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஜிஜோ சார்தான் எங்கள் கோச். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். அவரிடம் ஒரு பயிற்சி முறை இருந்தது. ஒன்பதாம் நாள் ஒரு பை நிறையத் தோர்த்துத் துண்டுகளைக் கொண்டுவந்தார். குளித்துத் துவட்டுவோமே, அந்த மெல்லிய துண்டுதான். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒரு முனை ஒருத்தி கையில், மறுமுனை அடுத்தவள் கையில். அப்படியே முழுத் தூரமும் ஓட வேண்டும். யார் கையை விட்டாலும் இரண்டு பேரும் ஏற்றத்தின் அடிவாரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சமதளம் ஓடத் தெரிந்தவளையும் மலை இறங்கத் தெரிந்தவளையும் அவர் ஜோடி சேர்த்தார். எனக்கு மாரீஸ்வரி.

முதல் மூன்று நாள் நாங்கள் ஓடியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். ரோட்டில் நான் முன்னால். அவள் பாய்வாள், நான் இழுத்து நிறுத்துவேன். கழுத்தில் கயிறு கட்டிய மாதிரி இருக்கிறது என்று கத்துவாள். இறக்கத்தில் அவள் முன்னால். அவள் இழுப்பாள், நான் குதிகாலை ஊன்றுவேன், துண்டு கையை விட்டுப் போகும். திரும்ப அடிவாரம். ஒரு நாள் நாலு தடவை மேலே ஏறினோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பொறுமையே இல்லாத ஒருத்தியைப் பொறுமையே இல்லாத இன்னொருத்தியோடு கட்டிவிட்டார் என்று ஜிஜோ சாரைத் திட்டினேன், மனதுக்குள்.

பதின்மூன்றாம் நாள் அவள் உச்சியில் நின்றாள். துண்டின் முனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"ஏட்டி, கீழ பாக்காத. கல்லப் பாத்தா கல்லுமேலதான் விழுவ. எம் முதுக மட்டும் பாரு. நான் எங்க சாயுறேனோ அங்க நீயும் சாஞ்சிரு."

பார்த்தேன். வெளுத்துப்போன மஞ்சள் பனியன், பதினேழாம் நம்பரில் ஏழு பாதி உரிந்திருந்தது. அது இடது பக்கம் சாய்ந்தபோது நானும் சாய்ந்தேன். பயம் போய்விடவில்லை, பயப்பட நேரம் கிடைக்கவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது துண்டு இரண்டு பேர் கையிலும் இருந்தது. ஜிஜோ சார் வாட்சைக் காட்டினார். முந்தைய நாளைவிட ஒன்றரை நிமிடம் குறைவு. சந்தோஷத்தில் மாரீஸ்வரியின் தலையில் ஒரு அடி வைத்தேன்.

அதற்கப்புறம் தினமும் அந்த முதுகுதான். நான் பின்தங்குகிற மாதிரி இருந்தால் துண்டு இறுகும், அவள் கொஞ்சம் மெதுவாக்குவாள். நெருங்கினால் தொளதொளக்கும், அவள் வேகம் பிடிப்பாள். திரும்பிப் பார்க்கவே மாட்டாள். சமதளத்தில் அதே வேலையை நான் அவளுக்குச் செய்தேன். பதினாறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. என்னை ரிஞ்சுவோடு ஓடச் சொன்னார்கள். ரிஞ்சு எங்களில் முதலாவதாக வருகிறவள், நன்றாகத்தான் இறங்குவாள். ஆனால் அவள் முதுகு எனக்கு ஒத்துவரவில்லை. பழையபடி குதிகால், பழையபடி பிரேக். அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நான் இறக்கம் பழகவில்லை, மாரீஸ்வரியின் பின்னால் இறங்கப் பழகியிருக்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் துண்டில்லாமல் தனித்தனியாக ஓடவிட்டு, தினமும் எழுதி ஒட்டுகிற நேரங்களைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். முதல் ஐந்து பேரை அசைக்க முடியாது. ஆறாவது இடம் எனக்கும் மாரீஸ்வரிக்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நான், ஒரு நாள் அவள். இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் அந்தத் தாளைப் பார்ப்போம், அப்படியே சாப்பிடப் போய்விடுவோம்.

துணி துவைக்கும்போது ஒரு தடவை அவள் வீட்டுக் கதை சொன்னாள். அவள் அம்மாவுக்கு எஸ்டேட்டில் இன்னும் இரண்டு வருஷம்தான் வேலை. அதற்குள் வீட்டில் யாராவது வேலைக்குப் பெயர் கொடுக்காவிட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அக்கா சித்ரா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், திரும்பி வர மாட்டேன் என்கிறாள். விடுதியில் இடம் கிடைத்து, அப்படியே போலீஸிலோ ரயில்வேயிலோ விளையாட்டுக் கோட்டாவில் நுழைந்துவிட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது வாடகைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பிறகு என் கதையைக் கேட்டாள். அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலிதான்" என்று சொல்லிவிட்டு ஈரப் பாவாடையை முறுக்கிப் பிழிந்தாள். நான் அவளைவிட வேகமாக என் துணியைப் பிழிந்தேன்.

ஓட்டத்துக்கு முந்தைய நாள் முழு ஓய்வு. யாரும் ஓடக்கூடாது, வேகமாக நடக்கக்கூடக் கூடாது. என்னைக் கொல்வதற்கென்றே வைத்த நாள் அது. வராந்தாவில் நடந்தேன், துரத்தினார்கள். மெஸ்ஸுக்குப் பின்னால் போய் நடந்தேன். சமையல் பார்க்கிற செபமாலையம்மாள் பிடித்து உட்கார வைத்து ஒரு கூடை பீன்ஸைக் கொடுத்து நறுக்கச் சொன்னார். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு இன்னொரு கூடை கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெங்காயத்தைக் கொடுத்தார்.

வெங்காயம் உரிக்கும்போது திட்டம் முழுசாகத் தயாராகிவிட்டது. இறக்கத்தில் என்ன ஆனாலும் மாரீஸ்வரியின் முதுகை விடக்கூடாது. இறக்கம் இந்த எஸ்டேட்டின் பேக்டரி முற்றத்தில் முடிகிறது. அங்கிருந்து எல்லைக் கோடுவரை இருநூறு மீட்டர், தரை தட்டையாக இருக்கும். அங்கே அவளைத் தாண்டிவிட வேண்டும். அது என்னால் முடியும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இதில் தப்பு என்ன? பந்தயம் என்றால் அதுதானே? இப்படிக் கேட்டுக்கொண்டே இரண்டு கிலோ வெங்காயம் உரித்தேன்.

காலை ஏழு மணிக்கு விசில் ஊதினார்கள். முந்தைய சாயங்காலம் பெய்த மழையில் பாதை கழுவிவிட்ட மாதிரி இருந்தது, மேலே மூட்டம். அன்றைக்குத் துண்டு கிடையாது, அவரவர் ஓட்டம். ரோட்டில் மாரீஸ்வரி பாயவில்லை. நான் பழக்கியபடியே அளவாக ஓடினாள். ஏற்றத்தில் முன்னால் போனாள். யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டும்போது ரிஞ்சுவும் மற்ற நாலு பேரும் முன்னால், ஆறாவது மாரீஸ்வரி, அவளுக்குப் பின்னால் பத்தடியில் நான். மஞ்சள் பனியன் சாய்ந்தது, நானும் சாய்ந்து இறங்கினேன்.

எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் பக்கத்து வளைவில் மழை கல்லைப் பெயர்த்துப் போட்டிருந்தது. என் வலது கால் வழுக்கியது. கை தரையில் ஊன்றியது. விழவில்லை, ஆனால் பார்வை கீழே போய்விட்டது. கல்லைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், உடம்பு பின்னால் சாய்ந்தது, குதிகால் ஊன்ற ஆரம்பித்தது. நிமிர்ந்தபோது முதுகு வளைவைத் தாண்டிப் போயிருந்தது.

அந்த மூட்டத்தில் நான் தனியாக நின்றேன். நின்றேன் என்றால் ஓடிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் கிழவி படியிறங்குகிற மாதிரி. பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்துப் பள்ளியின் பஸ் நிற்கிற இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அழுகை வந்தது. அப்படியே வளைவைத் திரும்பினேன்.

மாரீஸ்வரி அங்கேயே இருந்தாள். அதே பத்தடி தூரத்தில், மெதுவாக, பக்கவாட்டில் காதைச் சாய்த்தபடி. இடது கை பின்னால் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கி, எதையோ பிடித்திருக்கிற மாதிரி. துண்டு பிடிக்கிற கை.

என் காலடிச் சத்தம் நெருங்கியதும் அவள் வேகம் பிடித்தாள். நானும் பிடித்தேன். கீழே போவதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் நான் தயங்கினேன். இரண்டு இடத்திலும் அந்த முதுகு எனக்காக மெதுவானது. தெரிந்து செய்தாளா, பழக்கத்தில் உடம்பு தானாகச் செய்ததா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது. அவள் தன் பாட்டுக்கு இறங்கியிருந்தால் எப்போதோ கீழே போயிருப்பாள்.

முற்றம் வந்தது. தரை தட்டையானது. எனக்குப் பயம் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோனது. மூன்று நாலு எட்டில் அவள் பக்கத்தில் வந்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாண்டினேன். கோட்டைத் தொட்டபோது நான் ஆறாவது. நாலைந்து மீட்டர் பின்னால் அவள் ஏழாவது.

எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு ஜிஜோ சார் பேக்டரி வாசலில் அட்டையை வைத்துக்கொண்டு நேரங்களைப் படித்தார். ஏற்றத்துக்குத் தனி நேரம், இறக்கத்துக்குத் தனி நேரம் எடுத்திருந்தார்கள். மாரீஸ்வரியின் பெயர் வந்ததும் நிறுத்தினார். அவள் இறக்கம் எப்போதும் நாலு நிமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அன்றைக்குக் கிட்டத்தட்ட ஐந்து. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு வினாடி குறைந்திருந்தாலும் இடம் உனக்குத்தானே, என்ன செய்தாய் அங்கே என்று திட்டினார். அவளிடம் அவருக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். வழியில் ஏதாவது தடங்கல் நடந்திருந்தால் சொல்லு, ஆறாவதையும் ஏழாவதையும் நாளைக் காலையில் மறுபடி ஓடவைக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது என்றார்.

மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. நீ சொல்லேன் என்கிற மாதிரி, இறக்கத்தில் நின்ற அதே மாதிரி, காத்துக்கொண்டு நின்றாள்.

ஜிஜோ சார் என் பக்கம் திரும்பினார். "யோகப்பிரியா, இறக்கத்துல நீ இவளுக்குத் தொட்டுப் பின்னால இருந்ததல்லே? வழியில எதாச்சும் நடந்ததோ?"

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் ஓடியிருப்போம். அவள் இறக்கத்தில் போய்க்கொண்டே இருந்திருப்பாள். நான் அந்த வளைவில் நின்றிருப்பேன். இது அத்தனையும் ஒரே வினாடியில் எனக்குத் தெரிந்தது. வாயை மூடத் தெரியாதவள் என்று ஊரில் பேரெடுத்தவள் நான்.

"இல்லீங்க சார்" என்றேன். "ஒண்ணும் நடக்கலீங்க."

மாரீஸ்வரி இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"வயித்து வலி சார்" என்றாள். "காலைலருந்தே."

காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் இன்னும் கத்தினார். அவள் குனிந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் அட்டையில் என்னவோ எழுதினார். எனக்கு வெட்கமாக இருந்தது. செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

தேர்வான ஆறு பேரையும் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். ஐந்து பேர் போட்டார்கள். என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள், எனக்குக் கால் எழவில்லை.

மாரீஸ்வரி தலையை நிமிர்த்தினாள். "ஏட்டி, போ. கூப்புடுறாருல்ல" என்றாள்.

போய்க் கையெழுத்துப் போட்டேன்.